தப்பாக வரைந்தவளுக்கு

உன் மகள் போன புதன்கிழமை வந்து கல்யாணப் பத்திரிகை வைத்தாள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. வாங்கிய கையோடு அவள் முன்னாலேயே பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். எத்தனையோ வருஷத்துப் பழக்கம், விட மாட்டேன் என்கிறது. மண்டபத்துக்கு வழி போட்டிருக்க வேண்டிய இடத்தில் எறும்பு மொய்த்தாற்போல ஒரு கறுப்புக் கட்டம். "போனைக் காட்டுனா மேப்பு வந்துருமுங்க பெரீம்மா" என்றாள். பஸ் நிறுத்தம் இல்லை, பிள்ளையார் கோயில் இல்லை, வடக்கு எந்தப் பக்கம் என்று ஒரு அம்புக்குறிகூட இல்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஊரில் பாதிப் பேருக்குப் பத்திரிகையின் பின்னால் வழி வரைந்து கொடுத்தவள் நீ. உன் மகள் பத்திரிகையில் வழி இல்லை. இதற்கு யாரிடம் போய்க் கத்துவது? அந்தப் பெண்ணிடம் கத்த முடியாது. அவளுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை, உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நான் வரவில்லை. நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகவேண்டும் என்பார்கள் நம் பக்கத்தில். எனக்கும் அது தெரியும். செய்தி அன்று காலையே வந்துவிட்டது. சரவணம்பட்டியில் நான் இருக்கும் இந்த வீட்டிலிருந்து உன் வீட்டுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. சேலை மாற்றிக்கொண்டு வாசல்வரை வந்து செருப்பைப் போட்டேன். பிறகு கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். செத்தவளோடு என்ன வீம்பு என்று ஊர் கேட்கும். கேட்கட்டும். உயிரோடு இருந்தபோது நீ ஒரு நாளாவது என்னைத் தேடி வந்து சண்டை போட்டாயா? போட்டிருந்தால் நானும் அன்றைக்கு வந்து அழுதிருப்பேன்.

உன் மகள் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பெரியம்மா பெரியம்மா என்று பேசிக்கொண்டிருந்தபோது, ஆடு பகை குட்டி உறவா என்று மனசுக்குள் ஓடியது. நல்ல பெண். உன்னைப் போலவே ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்கிறாள். போவதற்கு முன்னால் நீ சொல்லி அனுப்பியதாக ஒன்று சொன்னாள். அதைப் பிறகு சொல்கிறேன். அதை முதலிலேயே எழுதினால் மற்றது எதையும் எழுத மாட்டேன்.

தொண்ணூறுகளில் காந்திபுரத்துப் பெண்கள் விடுதியில், நாம் இருவர் இருந்த அறையில், என் கட்டிலுக்கு மேலே சாமி படம், உன் கட்டிலுக்கு மேலே ஜில்லா வரைபடம். நீ ஒரு கட்டட என்ஜினியர் ஆபீசில் படம் வரையும் வேலையில் இருந்தாய். வேலை விட்டு வந்தால் உன் துப்பட்டாவில் படம் நகல் எடுக்கிற அமோனியா நெடி அடிக்கும். நான் அன்னூரிலிருந்து அச்சகத்தில் பிழை திருத்த வந்தவள், அதை விட்டுவிட்டு எந்தப் பத்திரிகையிலும் சம்பளத்துக்குச் சேராமல் தனியாக எழுதிப் பிழைக்கிறேன் என்று கிளம்பியிருந்தேன். "பேப்பர்ல எழுதறதெல்லாம் ஒரு பொழப்புங்களா?" என்று என் அப்பா விடுதிக் காவலாளியிடமே கேட்டுவிட்டுப் போனார். மற்ற அறைகளில் பெண்கள் தொடர்கதை படித்தார்கள். நீ ஆபீசிலிருந்து கொண்டுவந்த பழைய சர்வே படத்தைக் கட்டிலில் விரித்துப் படிப்பாய். படித்துக்கொண்டே இருந்து திடீரென்று சிரிப்பாய். என்னடி என்றால், "இந்த ஊருக்குப் போற ஓடைப்பள்ளம் நேராப் போகாம மூணு தரம் வளைஞ்சு போகுது புள்ள, கோவிச்சுட்டுப் போற மாதிரி" என்பாய். எனக்குப் படம் பார்க்கத் தெரியாது. ஊர் பார்க்க ஆசை உண்டு. உனக்கு இரண்டும் இருந்தது, கூட வர ஆள்தான் இல்லை.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு டவுன் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்கி நடப்போம். நான் எழுதுவேன். எப்படிப் போவது என்று நீ படம் வரைவாய். ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் இரண்டு கட்டுரை வந்ததும் நமக்கு ஒரு பெயர் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இரண்டு பெண்கள் பெயரைப் போட்டால் கோலப்போட்டிக்கு அனுப்பிய மாதிரி இருக்கும், ஒரு நிறுவனம் மாதிரிப் பெயர் இருந்தால் ஆசிரியர்கள் கடிதத்தைப் பிரித்தாவது பார்ப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். உன் படத்தில் விரலை வைத்து இது என்ன, இது என்ன என்று கேட்டேன். "கெட்டிக் கோடு தார் ரோடு. ரெட்டைக் கோடு வண்டித்தடம். புள்ளி புள்ளியா வெச்ச கோடு நடைவழி" என்றாய். அப்போது நாம் போவதெல்லாம் புள்ளிக்கோட்டில்தானே என்றேன். நீ படத்திலிருந்து தலையைத் தூக்கினாய். புள்ளிக்கோடு எழுத்தகம், கோயமுத்தூர். பெயர் வைத்தவள் நான். இதைச் சண்டைக்காகச் சொல்கிறேன், மறந்துவிடாதே.

டவுன்ஹால் பக்கத்துச் சந்தில் ரப்பர் ஸ்டாம்பு செய்கிற பாயிடம் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு காகிதத்தைப் படித்துவிட்டு, "கோலப் பொஸ்தகம் போடறீங்களா அம்மணி?" என்றார். இல்லைங்க பாய், ஊர் சுற்றி எழுதுகிறோம் என்றேன். "அப்ப புள்ளி எதுக்குங்க?" என்றார். நீ அவர் மேசையில் கிடந்த அட்டையை எடுத்து, அவர் கடையிலிருந்து ஒப்பணக்காரத் தெருவுக்குச் சந்து வழியாகப் போகிற வழியைப் புள்ளி வைத்து வரைந்து காட்டினாய். அவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். "இந்தத் திருப்பத்துல ஒரு பூட்டுக் கடை இருக்குதுங்க, அதை உட்டுட்டீங்க" என்றார். நீ உடனே பூட்டுக் கடையைப் போட்டாய். அடுத்த வாரம் போனபோது, நாம் கேட்காமலேயே பெயருக்கு அடியில் வரிசையாகப் புள்ளி வெட்டிக் கொடுத்திருந்தார். அன்றைக்கு விடுதிக்குத் திரும்புகிற வழியெல்லாம் என் பையைத் திறந்து திறந்து அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எனக்கென்று நானே உண்டாக்கிய முதல் சாமான் அது.

நீ வழி அளந்த விதத்தை இன்றைக்கு யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். சுருக்குப்பையில் புளியங்கொட்டை. நூறு அடி நடந்தால் ஒரு கொட்டை இடது கையிலிருந்து வலது கைக்குப் போகும். நடக்கும்போது நான் தொணதொணவென்று பேசுவேன். நீ வாயைத் திறக்க மாட்டாய். கொட்டை கை மாறுகிற அந்த ஒரு நொடியில்தான் பதில் வரும். "பேசாத புள்ள, எண்ணிக்கை போயிரும்." அதனால் உன்னோடு ஒரு சண்டையை முடிக்க இரண்டு மைல் ஆகும். நீ எண்ணினாய், நான் பேசினேன். வழியை நீ பார்த்துக்கொள்வாய் என்று மரத்தையும் மனிதரையும் மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஊர் ஊராகச் சுற்றி எழுதுகிற எனக்கு, ஒரு ஊருக்கும் நானாகத் தனியே திரும்பிப் போகத் தெரியாது. அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அப்போது உறைக்கவில்லை.

கடிதங்கள் வந்தன. பெறுநர் என்று எழுதி 'உயர்திரு புள்ளிக்கோடு அவர்கள்' என்று எழுதியிருப்பார்கள். நீங்கள் சொன்ன இடத்தில் டீக்கடை இருந்தது, நீங்கள் போட்ட வேப்பமரம் இருந்தது, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய் வந்தோம் என்று எழுதுவார்கள். என் எழுத்தைப் பற்றி ஒரு வரி இருக்கும், உன் படத்தைப் பற்றி நாலு வரி இருக்கும். எனக்குப் பொறாமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைவிடப் பெருமை இருந்தது. நடக்காத வழியை வரையக் கூடாது என்று நீ ஒரு சட்டம் வைத்திருந்தாய். ஒரு தடவை மழையால் பாதியில் திரும்பிவிட்டு, மிச்சத்தைச் சர்வே படத்தைப் பார்த்துப் போட்டுவிடு என்று நான் சொன்னதற்கு ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. அப்படிப்பட்டவள் நீ. அதனால்தான் எனக்கு இத்தனை கோபம்.

மழை பொய்த்துப்போன அந்தக் கோடையில் நீதான் கூப்பிட்டாய். "என்ற சின்னம்மா ஊருக்குப் போலாம் வா, ஒரு ஊத்து காட்டறேன்." காரமடையில் டவுன் பஸ் மாறி, ஒரு புளியமரத்தடியில் இறங்கி, மேற்கே மலையைப் பார்க்க நடந்தோம். இரண்டு பக்கமும் கிளுவை வேலி ஓடுகிற இட்டேரித் தடம், அப்புறம் சோளக்காடு, அப்புறம் பாறை. பாறைக்கு நடுவில் கழுத்தளவு தண்ணீர், அடியில் கிடக்கிற கூழாங்கல் தெரிகிற தண்ணீர். சுற்று வட்டாரத்தில் கிணறெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்த வருஷம் அது. காட்டு வேலை முடித்து வந்த பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேலையை மார்புக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் கிடந்தார்கள். ஆண் வாடை இல்லை. யாரும் சத்தம் தாழ்த்திப் பேசவில்லை. ஒருத்தி மாமியாரைப் போல நடந்து காட்டினாள், எல்லாரும் சிரித்தார்கள். உன் சின்னம்மா என்னைப் பார்த்து, "ஏனம்மணி, கரையில நின்னு வேடிக்கை பாக்கறதுக்கா இத்தாந்தூரம் வந்த? எறங்கு கண்ணு" என்று கையைப் பிடித்து இழுத்தார். இறங்கினேன். பாறையில் தலையைக் காய வைத்துக்கொண்டு அரிசிம்பருப்புச் சோறு சாப்பிட்டோம். அந்த நாள் மாதிரி இன்னொரு நாள் எனக்கு இல்லை. இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன், ஆனாலும் உண்மை.

விடுதிக்கு வந்து ஒரே மூச்சில் எழுதினேன். நான் எழுதியதிலேயே நல்லது அதுதான். இன்றைக்கும் அதுதான். நீ வரைந்து கொடுத்தாய், அனுப்பினேன், ஞாயிற்றுக்கிழமை அரைப்பக்கத்துக்குப் படத்தோடு வந்தது. அடுத்தடுத்து மூன்று கட்டுரைக்கு ஆசிரியர் சரி என்று சொல்லியிருந்தார். 'புள்ளிக்கோடு' என்று தனியாக வாரா வாரம் ஒரு பகுதியாகவே போடலாம் என்று பேச்சு நடந்தது. நான் அன்னூருக்குப் போய் அப்பாவிடம் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அது போதும் என்று இருந்தது.

பத்து நாள் கழித்து ஆசிரியர் கூப்பிட்டனுப்பினார். பீளமேட்டிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கடிதம் எழுதியிருந்தார். படத்தை வைத்துக்கொண்டு மனைவி, பேரப்பிள்ளைகளோடு போனாராம். ஊற்று இல்லை. கல் வெட்டி எடுத்த பழைய கல்லுக்குழி ஒன்றுதான் இருந்ததாம். வெயிலில் அந்த அம்மா மயங்கி விழுந்துவிட்டார், ஆடு மேய்க்கிறவர் ஒருவர் தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றினாராம். "ஏனுங்க அம்மணி, இதென்னங்க இப்பிடி?" என்றார் ஆசிரியர். நான் துள்ளிக் குதித்தேன். எங்கள் படத்தில் ஒரு புள்ளிகூடத் தப்பாது, அவர்தான் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு போயிருப்பார், வேண்டுமானால் உங்கள் ஆளை அனுப்புங்கள், அவரையும் வரச்சொல்லுங்கள், நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன் என்றேன். புள்ளிக்கோடு என்ற பெயர்மேல் ஆணை என்றுகூடச் சொன்னேன். சொன்னது என் வாய்தான்.

அன்று சாயங்காலம் உன்னிடம் வந்து, ஞாயிற்றுக்கிழமை வா, நாம் இரண்டு பேருமாகப் போய் அந்த மனிதரின் மூக்கை உடைத்துவிட்டு வருவோம் என்றேன். நீ பேனா முனையைத் துடைத்துக்கொண்டே இருந்தாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாய். "காய்ச்சலாட்டம் இருக்குது புள்ள, நீ போய்ட்டு வா." நெற்றியைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அலுப்பாக இருக்கும் பாவம் என்று நினைத்துக்கொண்டு, உனக்குக் குடிக்க வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். அந்த வெந்நீரை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் முன்னால் நடந்தேன், கையில் உன் படம். பின்னால் ஆசிரியர் அனுப்பிய ஆள், அவருக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு அந்தத் தலைமையாசிரியர். ஒவ்வொரு திருப்பத்திலும் படத்தைக் காட்டிக் காட்டிப் பேசினேன். இதோ நீங்கள் விட்ட இடம் இதுதான் என்று ஒரு வேலாமரத்தடியில் நின்று பெரிய பாடமே நடத்தினேன். அதுவரை தப்பாக ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் வழி எனக்குத் தெரியாது. இட்டேரி முடிந்ததும் படம் வலது பக்கம் போகச் சொன்னது, போனேன். போய் நின்றது கல்லுக்குழி. அடியில் காய்ந்த சேறும் ஒரு லாரி டயரும் கிடந்தன. நான் குழியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பாறைக்கு அந்தப் பக்கம் இருக்கும், இந்தப் பக்கம் இருக்கும் என்று ஒரு மணி நேரம் அலைந்தேன். அந்தப் பெரியவரும் கூடவே வந்தார். கடைசியில் குடையை என் தலைக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "நாங்களும் இங்கதானுங்க அம்மணி வந்து சேந்தோம். வாங்க, வெயில் ஏறுது, போலாமுங்க" என்றார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திரும்பி வருகிற வழி பூராவும் என்னைக் 'கண்ணு' என்றே கூப்பிட்டுப் பேசிக்கொண்டு வந்தார்.

நீ காய்ச்சல் இல்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாய். நான் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னாய்.

"வேணும்னுதான் மாத்திப் போட்டேன் புள்ள."

"என்னது?"

"எடது கைப்பக்கம் போறத வலது கைப்பக்கம் போட்டேன். அங்க எவனும் வரக்கூடாதுன்னுதான். நீ எழுதுன எழுத்துக்கு அடுத்த வாரமே பைக்குல பத்துப் பேர் வந்து பாறை மேல நிப்பானுங்க. பாட்டில ஒடைச்சுப் போட்டுட்டுப் போவானுங்க. என்ற சின்னம்மாளுக்கு வேற எடம் ஏது?"

"அந்த அம்மா மயங்கி உழுந்துட்டாங்கடி! செத்துப் போயிருந்தா?"

நீ அழுதாய். "அதுக்கு நானே போய் அவிங்க கால்ல உழுகறேன்" என்றாய். போனாயாம், பிறகு தெரிந்தது. அவர் காலில் விழுந்தாய். என்னிடம் ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று கத்தினேன். விடுதியே கதவைத் திறந்து பார்த்தது. நீ, "சொன்னேன். நீ கேக்குல" என்றாய்.

அடுத்த ஞாயிறு ஒரு சின்னக் கட்டத்துக்குள் வருத்தம் தெரிவித்துப் போட்டார்கள். புள்ளிக்கோடு அளித்த வழிப்படம் தவறானது என்று இருந்தது. உன் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை, நான் வைத்த பெயர் மட்டும் இருந்தது. வாராவாரப் பேச்சு நின்றுபோனது. மற்ற பத்திரிகைகளுக்கும் விஷயம் போய்ச் சேர்ந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? 'அந்தக் கல்லுக்குழி அம்மணிதானுங்களா?' என்று ஒரு உதவி ஆசிரியர் என் முகத்துக்கு நேராகவே சிரித்தார். ரப்பர் ஸ்டாம்பை உன் கட்டிலில் வீசிவிட்டு அறை மாறினேன். மறுபடி என் சொந்தப் பெயரில் நாலு வரி அச்சில் வர இரண்டு வருஷம் ஆயிற்று. என் அப்பா தலையணைக்கு அடியிலிருந்த பக்கத்தை எடுத்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியம் வரவில்லை, அவரும் போய்விட்டார்.

நீ என்ன செய்தாய்? கல்யாணம் கட்டிக்கொண்டு மேட்டுப்பாளையம் ரோட்டுப் பக்கம் போனாய். சில வருஷத்தில் அந்தப் பக்கத்து ஒறம்பரைச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை ஒன்று எனக்கு வந்தது. பின்பக்கம் மண்டபத்துக்கு வழி, பாலம், ரேஷன் கடை, அம்புக்குறி. அந்தக் கையை எனக்குத் தெரியாதா? ஓரத்தில் கடுகளவு எழுத்தில் 'புள்ளிக்கோடு' என்று இருந்தது. என்ன நெஞ்சழுத்தம்! என் பெயரைக் குழியில் தள்ளியவள் அதையே எடுத்துத் தூசி தட்டி வைத்துக்கொண்டாள் என்று பத்திரிகையைக் கிழித்துப்போட்டேன். பிறகு எந்தப் பத்திரிகை வந்தாலும் முதலில் பின்பக்கத்தைப் பார்ப்பேன். உன் படம் இருந்தால் திட்டுவேன். இல்லாவிட்டால் அந்தக் கல்யாணத்துக்குப் போகவே பிடிக்காது. உன் படத்தைப் பார்த்துக்கொண்டு போன எந்த மண்டபத்துக்கும் வழி தப்பவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஒன்றை இவ்வளவு நேரம் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. நீ சொன்னாய். அன்று திரும்பி வருகிற பஸ்ஸில், ஈரத் தலையோடு ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "இத எழுதோணுமா புள்ள?" என்று கேட்டாய். எழுதாவிட்டால் இப்படி ஒரு இடம் இருப்பது யாருக்குத் தெரியும் என்றேன். நீ வெளியே பார்த்துக்கொண்டாய். இன்னொன்றும் இருக்கிறது. அன்று போகிற வழியெல்லாம் நீ பேசிக்கொண்டே வந்தாய். சின்னம்மாவைப் பற்றி, பள்ளிக்கூடம் போன நாளைப் பற்றி. கையில் புளியங்கொட்டை இல்லை. நீ எண்ணவே இல்லை. என்னை வேலையாகக் கூட்டிப்போகவில்லை, உன் வீட்டுக்கு அழைத்துப்போகிற மாதிரி அழைத்துப்போயிருக்கிறாய். கூடவே நடந்த எனக்கு அது தெரியவில்லை. தெரியாமல் போனதற்காக என்மேல் கோபப்பட வேண்டும். ஆனால் ஒரு தடவை கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாயே, அதற்கு உன்மேல்தான் கோபம் வருகிறது. இரண்டாம் தடவை கேட்டிருக்கலாம். படத்தைக் கிழித்து எறிந்திருக்கலாம். வரைய மாட்டேன் என்று சொல்லியிருந்தால் நான் நாலு நாள் குதித்திருப்பேன், அடங்கியிருப்பேன். எனக்கு நல்ல புத்தி வரும் என்று நீ ஒரு நாள்கூட நம்பவில்லை.

இப்போது உன் மகள் சொன்னதற்கு வருகிறேன். அந்த ஊற்று இன்னும் இருக்கிறதா கண்ணு என்று கேட்டேன். "இருக்குதுங்க பெரீம்மா. அம்மா வருசா வருசம் கூட்டிட்டுப் போவாங்க. இப்பவும் பொம்பளைங்க மட்டுந்தானுங்க. ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆஸ்பத்திரியில இருக்கறப்ப ஒண்ணு சொன்னாங்க. பத்திரிகை வெக்கப் போனயின்னா, அவளுக்கு மனசிருந்தா ஊத்துக்குக் கூட்டிட்டுப் போ. எழுத மாட்டேன்னு சத்தியம் வாங்கிப்போட்டுக் கூட்டிட்டுப் போன்னாங்க" என்றாள். சொல்லிவிட்டுச் சங்கடமாகச் சிரித்தாள்.

சத்தியமா? சாகிற நேரத்திலும் உனக்கு என்மேல் நம்பிக்கை வரவில்லையா? முப்பது வருஷம் கழித்தும் நான் உனக்கு அந்தப் பஸ்ஸில் வந்த அவசரக்காரிதானா? கப்பை வைத்த வேகத்தில் காபி சிந்திவிட்டது. அந்தப் பெண் பயந்துபோனாள்.

ஆனால் நீ அறிய வேண்டியது இது. ஊற்று இன்னும் இருக்கிறது, ஒருத்தருக்கும் தெரியாது என்று அவள் சொன்னாளே, அந்த வாக்கியம் முடிவதற்குள் என் மனசில் கட்டுரையின் முதல் வரி வந்துவிட்டது. இரண்டாம் வரியும் வந்தது. எந்தப் பத்திரிகைக்கு அனுப்பலாம் என்றுகூட ஓடியது. அதற்குப் பிறகுதான் நீ கேட்ட சத்தியத்தை அவள் சொன்னாள். நீ என்னைச் சரியாகத்தான் அளந்து வைத்திருந்தாய். அதற்காக உன்னை மன்னிக்க மாட்டேன்.

கல்யாணத்துக்கு வாரேன் கண்ணு, ஊத்துக்கு வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். ஏனுங்க என்று கேட்டாள். கால் வலி என்றேன். சத்தியம் செய்தால் மீறிவிடுவேன். செய்யாமல் போனாலும் எழுதிவிடுவேன். அந்தத் தண்ணீரில் இன்னொரு தடவை இறங்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியுமா? தெரியும். தெரிந்துதான் அந்த வாசலில் சத்தியத்தைக் காவலுக்கு நிறுத்திவிட்டுப் போயிருக்கிறாய்.

இந்த மடலை எழுதிவிட்டால் எங்காவது அச்சுக்குக் கொடுக்காமல் இருக்க என்னால் முடியாது, அது என் புத்தி. அதனால் முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். காரமடை என்று எழுதியிருக்கிறேன். டவுன் பஸ், புளியமரம், மேற்கே மலை, கிளுவை வேலி போட்ட இட்டேரி, சோளக்காடு என்று வரிசையாக எழுதியிருக்கிறேன். அதில் ஒன்றுகூட உண்மை இல்லை. வழியில் எனக்குத் தெரிந்ததே கொஞ்சம், அந்தக் கொஞ்சத்தையும் உட்கார்ந்து மாற்றினேன். ஊரை மாற்றினேன், திசையை மாற்றினேன், மரத்தைக்கூட மாற்றினேன். இதை நம்பி எவனாவது பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினால் நாள் பூராவும் சுற்றுவான், ஊற்றைப் பார்க்க மாட்டான். இத்தனை வருஷம் எதற்காக உன்னைத் திட்டினேனோ, அதை என் கையாலேயே செய்து முடித்திருக்கிறேன்.

இப்போது திருப்திதானே உனக்கு?